நானூற்றுப் பன்னிரண்டும் நார்மல்

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் எங்கள் லேப் தலைமை டாக்டர் குருபாதம் சார் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "படிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க சுகிர்தாம்மா" என்றார். சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கை. பெண்களுக்கான தேசியப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில் நம் மாவட்டத்தில் எடுக்கும் கர்ப்பப்பை வாய் ஸ்லைடுகளை, பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வெளிமாநிலக் கம்பெனி ஒன்று பார்த்து ரிப்போர்ட் தருமாம். நம் ஆஸ்பத்திரி லேபின் வேலை ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவது, காயவைப்பது, பெட்டியில் அடுக்கிக் கூரியரில் அனுப்புவது. பார்ப்பது நம் வேலை இல்லை.

இருபத்தாறு வருஷமாக நான் செய்த வேலை பார்ப்பது ஒன்றுதான்.

சுற்றறிக்கையில் சொன்ன காரணம் பொய்யில்லை. திட்டம் வந்த பிறகு ஸ்லைடுகள் குவிந்துவிட்டன, பார்க்க நான் ஒருத்தி. ஒரு நாளைக்கு ஐம்பதைத் தாண்டினால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். தடவி எடுக்கும் ஸ்மியரைக் கொடுத்தவர்கள் பதினொரு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கிப் போகிறார்கள். இன்னொரு ஆள் போடுங்கள் என்று ஆறு வருஷத்தில் நாலு முறை எழுதிக் கொடுத்தேன். ஆள் வரவில்லை, கம்பெனி வந்திருக்கிறது.

"அப்ப எனக்கு என்ன சார் வேலை?"

"உபரி லிஸ்ட்ல உங்க பேரு வந்துச்சு. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு இடம் காட்டினாங்க. வேண்டாம், அவங்க வீட்டுக்காரர் இங்கதான் டயாலிசிஸ் பண்ணிக்கிறார், நான் ஒருங்கிணைப்பாளரா வெச்சுக்கிறேன்னு பேசியிருக்கேன்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். உண்மையிலேயே நன்றிதான். என் வீட்டுக்காரருக்குச் செவ்வாயும் வெள்ளியும் இரண்டாவது மாடியில் நாலு மணி நேரம் மெஷின் ஓடுகிறது. நடுவில் இரண்டு தடவை நான் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கிருஷ்ணகிரியிலிருந்து படியேற முடியாது.

ஜனவரி 31, புதன்

கடைசி ஸ்லைடைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினேன். சாதாரண ஸ்லைடு.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஸ்லைடுகளுக்கு நடுவே டிஷ்யூ பேப்பர் வைத்து அடுக்க வேண்டும். பெட்டிக்கு நூறு. மேலே பார்கோடு ஒட்டிச் சீல் வைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து ஒரு பையன் போனில் அடிக்கடி "மேடம், பேக்கிங் குவாலிட்டி ரொம்ப முக்கியம்" என்கிறான். ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று இதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

மைக்ரோஸ்கோப் இரண்டையும் ஸ்டோருக்கு அனுப்பச் சொன்னார்கள். சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றாவது வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பழையதை நிறுத்தி வைத்துக்கொண்டேன். பெட்டிக்குப் பத்து ஸ்லைடு, ஒன்றுக்கு அரை நிமிஷம். அதற்குமேல் பார்க்க எனக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை.

அவருக்கு இன்று உடம்பிலிருந்து இரண்டரை கிலோ தண்ணீர் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது எனக்குத் தெரியாமல் இளநீர் குடித்திருக்கிறார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவருக்குத் தன் விசிலுக்கு மட்டும்தான் வண்டி நிற்க வேண்டும்.

மார்ச் 6, செவ்வாய்

அவருக்கு டயாலிசிஸ். பிரஷர் இறங்கிவிட்டது என்று மேலே கூப்பிட்டார்கள். போய்க் காலைத் தூக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

கீழே வந்து இன்றைய பெட்டிக்குச் சாயம் சரிபார்த்தேன். நன்றாகப் பிடித்திருக்கிறது. 1147-ஆம் ஸ்லைடில் குறிப்பாக நன்றாகப் பிடித்திருந்தது. அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன். கண் வலி.

ராத்திரிக்குக் கோஸை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து வடித்தேன். சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாத பொட்டாசியம் போக வேண்டும். ருசியும் போய்விடுகிறது என்கிறார். மாற்றுச் சமையலுக்கு என்னிடம் வழி இல்லை.

மார்ச் 7, புதன்

பெட்டி போய்விட்டது.

மார்ச் 27, செவ்வாய்

கம்பெனியிலிருந்து முதல் பெரிய கட்டு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ரிப்போர்ட். சொன்னபடி மூன்று வாரத்தில். குருபாதம் சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நானூற்றுப் பன்னிரண்டும் நார்மல். எல்லாத் தாளிலும் அதே இரண்டு வரி, ஒரு கமா கூட மாறவில்லை. நான் பார்த்த காலத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரையாவது மறுபடி வரச் சொல்வேன். இன்னும் ஐந்தாறு ஸ்லைடில் செல்லே போதாது, திரும்ப எடுங்கள் என்று எழுதுவேன். இந்தக் கட்டில் அதுவும் இல்லை. வெறும் ரத்தம் அப்பியிருந்த ஸ்லைடு ஒன்றை நானே அடுக்கினேன், ஞாபகம் இருக்கிறது. அதுவும் நார்மல்.

அவர்களிடம் நல்ல மெஷின் இருக்கலாம். எனக்குத் தெரியாததைப் பேசக் கூடாது.

மத்தியானம் புளியடிப்பட்டி கிராமச் சுகாதார நர்ஸ் செண்பகம் தன் ஊர் ரிப்போர்ட்டுகளை வாங்க வந்தாள். ஒவ்வொரு பெண்ணையும் வீடு வீடாகப் போய்ப் பேசி அழைத்து வருகிறவள் அவள். ஆம்பளை டாக்டர் இருப்பாரா, துணியை எடுக்கணுமா, வலிக்குமா என்று கேட்கும் நூறு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஒருத்தியை பஸ் ஏற்ற முடியும் என்பாள். கட்டைப் புரட்டிக்கொண்டே ஒரு தாளில் நின்றாள்.

"அக்கா, இந்த லிங்கம்மா. எங்க ஸ்கூல்ல சத்துணவு சமைக்குது, நாப்பத்து மூணு வயசு. மாசம் முடிஞ்ச பிறகும் நடுவுல நடுவுல ரத்தம் படுதுன்னு சொல்லுச்சு. அதனாலதான் நானே கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன். இது நல்லா பாத்துதான் போட்டிருக்காங்களா?"

"நார்மல்னு போட்டிருக்கே."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"நான் இப்ப பாக்கிறதில்ல செண்பகம். அனுப்புறதோட சரி."

"அப்ப தைரியமாச் சொல்லலாம்ல?"

"ரிப்போர்ட்டக் குடு" என்றேன்.

தாளின் மூலையில் நம்பர் இருந்தது. 1147.

ஏப்ரல் 4, புதன்

ஒரு வாரமாக யோசித்து இன்று குருபாதம் சாரிடம் பேசினேன். ஸ்லைடு எதையும் குறிப்பிடவில்லை, கணக்கை மட்டும் சொன்னேன்.

"நானூத்துச் சொச்சத்துல ஒண்ணு கூட வரலையே சார்?"

"நம்ம ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு சந்தோஷப்படுங்களேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். நான் தடுக்கல. ஆனா எழுதினா முதல்ல என்ன கேப்பாங்க? பாக்கிற வேலையே இல்லாத இடத்துல ஒரு சைட்டோ டெக்னீஷியன் எதுக்குன்னு கேப்பாங்க. யோசிச்சு எழுதுங்க" என்றார்.

யோசிக்கிறேன் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் படுக்கை கிடைக்காதபோது அவர்தான் போன் போட்டு வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 5, வியாழன்

யோசித்தேன்.

மே 18, வெள்ளி

அவர் கையில் ஊசி போடும் இடம் அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு இன்றைய டயாலிசிஸை முடித்தார்கள். ஐந்து மணி நேரம் வராண்டாவில் நின்றேன். கூட இருந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த ஆஸ்பத்திரியில் யாரையும் தெரியாது. எனக்கு எல்லாரையும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் இவர் இருக்கிறார். இதை யாராவது என்னிடம் மறுத்துப் பேசட்டும்.

ஜூன் 19, செவ்வாய்

கம்பெனி பார்த்து முடித்த ஸ்லைடுகளை ஐந்து வருஷம் நாம் பத்திரப்படுத்த வேண்டுமாம். பதினாலு பெட்டி திரும்ப வந்தது. அலமாரியில் வைப்பதற்கு முன் திறந்து எண்ணினேன்.

ஸ்லைடு பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமான செல்லைக் கண்டால் கண்ணாடியின் மேல் மைப் பேனாவால் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்போம், டாக்டர் அந்த இடத்தைத் தேட வேண்டியதில்லை. பதினாலு பெட்டியில் ஒரு புள்ளி கூட இல்லை. நாலு பெட்டியில் நான் வைத்த டிஷ்யூ பேப்பர் நான் மடித்த மடிப்போடு அப்படியே ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்திருந்தால் அப்படி இருக்காது.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதினேன். அதைத்தானே கேட்டிருந்தார்கள்.

ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். எது என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 26, வியாழன்

நம் மாவட்டத்துக்கு விருது. குறைந்த நாளில் அதிகப் பெண்களுக்கு ரிப்போர்ட் கொடுத்த மாவட்டம். கலெக்டர் அலுவலகத்தில் விழா. குருபாதம் சார் என்னையும் மேடைக்கு ஏற்றினார். பட்டுப்புடவை கட்டியிருந்தேன். கம்பெனி ஆள் ஒருவர் சால்வை போட்டுவிட்டு, "உங்க பேக்கிங்தான் மேடம் இந்த ஸ்டேட்லயே பெஸ்ட்" என்றார். உட்கார்ந்திருந்த நர்ஸுகளில் செண்பகமும் இருந்தாள், பலமாகக் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சால்வையைத் தன் மேல் போர்த்திக்கொண்டு, "நமக்கும் ஒரு விருதுய்யா" என்றார். அவருக்குக் குளிர் தாங்கவில்லை. அதைப் போர்த்திக்கொண்டே தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 10, புதன்

இன்று பெண்கள் பிரிவிலிருந்து மூன்று பயாப்சி பாட்டில் வந்தது. சதைப் பரிசோதனை இன்னும் நம் லேபில்தான். இரண்டாவது பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டு: லிங்கம்மாள், 43, புளியடிப்பட்டி.

சீட்டை இரண்டு தடவை படித்தேன். பாட்டிலைப் பதிவு செய்தேன்.

அக்டோபர் 15, திங்கள்

குருபாதம் சார் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பெண்கள் பிரிவு டாக்டரம்மா எழுதியிருக்கிறார்: மூன்றாவது நிலை, இடுப்பெலும்பு வரை பரவியிருக்கிறது, ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கதிர்வீச்சுக்கு மதுரைக்கு அனுப்புகிறார்கள்.

அக்டோபர் 16, செவ்வாய்

செண்பகம் வந்தாள். செருப்பை வெளியே விடாமல் லேபுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"அக்கா, அது ஏப்ரல்ல மறுபடி ரத்தம்னு வந்து நின்னுச்சு. நான் உங்க ரிப்போர்ட்டக் காட்டி, ஒண்ணுமில்லம்மா, வயசுக்கோளாறுன்னு அனுப்பினேன். ஜூன்ல வந்துச்சு. அப்பவும் அதே தாளத்தான் காட்டினேன். ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டரும் அதே தாளத்தான் பாத்தாரு, இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. போன வாரம் அடுப்படியிலயே மயங்கி விழுந்துச்சு. பிள்ளைங்க தட்டோட உக்காந்திருந்திருக்கு."

நான் ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தவில்லை.

"இத்தனை மாசத்துல வந்ததாக்கா? இல்ல, மார்ச்சுலயே இருந்திருக்குமா?"

"தெரியல செண்பகம்."

"உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

கழுவிய ஸ்லைடை ஸ்டாண்டில் செருகினேன். அவள், "நான் கலெக்டருக்கு மனு எழுதப் போறேன். என் வேலை போனாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒப்பந்த நர்ஸ். அவள் வேலை போக ஒரு போன் கால் போதும்.

அக்டோபர் 17, புதன்

இழுப்பறையைத் திறந்து ஸ்லைடை எடுத்துக்கொண்டு போய்க் குருபாதம் சார் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இடத்தையும் நானே பிடித்துக் கொடுத்தேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எப்ப பாத்தீங்க?"

"இன்னைக்கு" என்றேன்.

இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் கூட வேலை பார்த்தவர். இடத்தைத் தேடாமல் நேராகப் பிடித்ததைக் கவனித்திருப்பார்.

"சரி. இன்னைக்குத்தான் பாத்தீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இத்தனை கை மாறி வந்த ஸ்லைடு. கண்ணாடிதான, உடஞ்சிருந்தாலும் யாரும் எதுவும் கேக்க முடியாது" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஸ்லைடு கையில் இருந்தது. எனக்கு அவர் சொன்ன யோசனை கேவலமாகப் படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஸ்லைடு கழுவும் தொட்டிப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றேன்.

அக்டோபர் 19, வெள்ளி

இந்த நோட்டில் மார்ச் 6-ம் தேதியைத் திரும்பப் படித்தேன். சாயம் நன்றாகப் பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறேன்.

அன்று பார்த்தது இது. ஆரஞ்சு நிறத்தில், வால் முளைத்த செல்கள். உட்கரு மை கொட்டியது போலக் கறுத்து, ஓரம் பிய்ந்து, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல். ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக. படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் நாள் காட்டுவார்களே, அந்த மாதிரி. சந்தேகத்துக்கே இடமில்லை. பன்னிரண்டு நிமிஷம் பார்த்தேன். கம்பெனிக்காரன் குருடனாக இருந்தாலும் இதை விடமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியில் அடுக்கினேன்.

மூன்று வாரம் கழித்து விட்டுவிட்டான் என்று தெரிந்தது. செண்பகம் என் முன்னால் நின்று, நீங்க பாத்தீங்களா என்று கேட்டாள்.

அக்டோபர் 21, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் மாதத்திலிருந்து வரிசையாக. கடைசியில், "உங்களுக்கு இங்க டயாலிசிஸ் நின்னுரக் கூடாதுன்னுதாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து" என்றார். "என்னைக் காரணமாக் காட்டாத சுகிர்தா. நான் கேட்டேனா? ஒரு பொம்பளையச் சாகவிட்டு என்ன வெச்சிருன்னு நான் உன்கிட்ட கேட்டேனா?"

மத்தியானம் சாப்பிடவில்லை. நான் வடித்து வைத்த காய் அப்படியே இருந்தது. ஆறு மணிக்குத் தானே எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டாக்டர் சொன்ன அளவுக்கு உள்ளேதான்.

நவம்பர் 13, செவ்வாய்

செண்பகத்தின் மனு பத்திரிகையில் வந்ததால் விசாரணைக் குழு வந்தது. சென்னையிலிருந்து மூன்று பேர். தலைவர் வயதான டாக்டரம்மா. கம்பெனி ஆள் கோட்டு போட்டுக்கொண்டு, தரச்சான்றிதழ் ஃபைலோடு வந்திருந்தார். எந்தப் பரிசோதனையிலும் கொஞ்சம் சதவீதம் தவறும், அது உலக நடைமுறை என்றார். அந்தச் சதவீதம் எவ்வளவு என்று டாக்டரம்மா கேட்டார். கம்பெனி ஆள் ஃபைலைப் புரட்டினார்.

என் முறை வந்தது. ஸ்லைடை மேசையில் வைத்தேன். டிஷ்யூ பேப்பர் பற்றிச் சொன்னேன், மைப் புள்ளி பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நல்ல வேளை நீங்க கவனிச்சீங்க" என்றார். "இதை முதல்ல எப்ப பாத்தீங்க?"

குருபாதம் சார் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மார்ச் ஆறாம் தேதி" என்றேன். "கம்பெனிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரிப்போர்ட் வந்தப்ப?"

"தப்புன்னு தெரியும். நான்தான் கைல குடுத்தேன்."

"ஏம்மா?" என்றார். அதிகாரியாகக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பேரை எடுக்க வாய் வரை வந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 30, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. கடமையில் கவனக்குறைவு, நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவித்தல். மறு உத்தரவு வரும் வரை நான் தற்காலிகப் பணிநீக்கம். மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது.

கம்பெனிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். பணி தடைபடக் கூடாது என்பதால் மாற்று ஏற்பாடு ஆகும் வரை ஒப்பந்தம் மூன்று மாதம் நீட்டிப்பு. குருபாதம் சாருக்கு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றல், பேராசிரியராக. செண்பகத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

நான் செய்ததற்கு எனக்குக் கிடைத்தது சரிதான். மற்றதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் தப்பு சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்று அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். வாசல் காவலாளி, இருபது வருஷம் குட்மார்னிங் சொன்னவர், "பாஸ் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். வரிசையில் நின்று வாங்கினேன்.

டிசம்பர் 8, சனி

செண்பகம் வீட்டுக்கு வந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டினாள். பிறகு உட்கார்ந்து காப்பி கேட்டாள்.

மூன்று அரசு லேபுகளில் பழைய ஸ்லைடுகளைத் திரும்பப் பார்க்கிறார்களாம். இதுவரை பார்த்ததில் முப்பத்தொரு பெண்களின் ரிப்போர்ட் தப்பு. அவர்களுக்குத் தபாலில் கடிதம் போகிறது, 'வழக்கமான மறு பரிசோதனைக்கு வரவும்' என்று. காரணம் எழுதக் கூடாது என்று உத்தரவாம்.

"வழக்கமானதுன்னா எவ வருவா? வேலைய விட்டுட்டு?" என்றாள். அந்தந்த ஊர் நர்ஸுகளிடம் பேசி முப்பத்தொரு பேரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள். பையில் இருந்தது, எடுக்கவில்லை.

"லிங்கம்மா மதுரையில இருந்து வந்திருச்சு. அது கேக்குது, யாரு அந்த லேப் அம்மான்னு. நான் சொல்லல. நீங்களே சொல்லணும்."

டிசம்பர் 10, திங்கள்

புளியடிப்பட்டி. காரை வீடு, முன்னால் தகரக் கூரை. லிங்கம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் அவளை இதுவரை பார்த்ததே இல்லை. செல்லை மட்டும் பார்த்திருக்கிறேன். உயரமான பெண். பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கிப் பழகிய அகலமான தோள், இப்போது எலும்பு மட்டும் அகலமாக இருந்தது. மகள் பவானி நின்றுகொண்டே இருந்தாள், எனக்கு நாற்காலி போடவில்லை.

தரையில் உட்கார்ந்து சொன்னேன். மார்ச்சில் பார்த்தேன், தெரிந்தது, அனுப்பினேன், தப்பாக வந்தது, கொடுத்தேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

லிங்கம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்பவே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?"

"ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பைய எடுத்திருப்பாங்க."

"எடுத்திருந்தா?"

"பெரும்பாலும் சரியாயிருக்கும்."

பவானி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அழாதீங்க" என்றாள் லிங்கம்மாள். ஆறுதல் சொல்கிற குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரிசை கலைகிற பிள்ளைகளை அதட்டுகிற குரல். "எம் மக இன்னும் என் முன்னாடி ஒரு சொட்டு அழல. நீங்க வந்து அழுதா அவ அப்புறம் யாருகிட்ட போய் அழுவா?"

துடைத்துக்கொண்டேன்.

"மன்னிக்கச் சொல்லியா வந்தீங்க?"

"இல்ல" என்றேன். பொய். அதற்காகவும்தான் போயிருந்தேன், அங்கே உட்கார்ந்த பிறகு கேட்க வாய் வரவில்லை.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

"இதுவரைக்கும் முப்பத்தொண்ணு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. தபால்தான் போகுது."

"நீங்க போனீங்களா?"

"இல்ல. இங்கதான் முதல்ல வந்தேன்."

"என்கிட்ட வந்து என்ன ஆகப்போகுது? என் கதை முடிஞ்சு போச்சு. கதை முடியாதவ எவளாவது இருப்பாள்ல, அவ வீட்டுக்குப் போங்க" என்றாள். "பவானி, கதவத் தொறந்து விடு. வெளிச்சம் வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் செண்பகத்துக்குப் போன் செய்து அந்தத் தாளைக் கேட்டேன்.

டிசம்பர் 12, புதன்

கீழநத்தம் காலனி, செண்பகத்தோடு. தாளில் முதல் பேர் மகாராசி, 38. வீட்டில் இருந்தாள். கடிதம் போன வாரமே வந்திருக்கிறது, படித்துவிட்டு அலமாரிக்கு மேல் வைத்திருந்தாள். பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்று இருந்தாளாம். நான் யார், என்ன செய்தேன் என்பதை முதலில் சொன்னேன். அவள் புருஷன் அடிக்க வந்துவிட்டான், செண்பகம் குறுக்கே நின்றாள். கத்தி முடித்த பிறகு, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவளுடையது ஆரம்ப நிலைதான். இன்னும் நேரம் இருக்கிறது.

டிசம்பர் 14, வெள்ளி

டயாலிசிஸ். மெஷின் ஓடும்போது அவர் கேட்டார், "நாளைக்கு எந்த ஊரு?" அக்டோபருக்குப் பிறகு அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஊர் பேரைச் சொன்னேன். "எட்டு நாற்பதுக்கு ஒரு வண்டி உண்டு. அது சுத்திப் போகும். ஒன்பது பத்துல ஏறு" என்றார்.

டிசம்பர் 15, சனி

ஒன்பது பத்தில் ஏறினோம். கடற்கரை ஊர். ஆறாவது பேர் ஸ்டெல்லா, 47, மீன் கருவாடு போடுகிறவள். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் வலையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஸ்டெல்லாவையா? அவ போய் இருபது நாளாச்சே. ரத்தம் நிக்கவே இல்ல. வீட்டுக்காரரு மக வீட்டுக்குப் போயிட்டாரு."

செண்பகம் தாளை மடித்துப் பையில் வைத்தாள். கடிதம் கதவிடுக்கில் சொருகியிருந்தது, பிரிக்காமல்.

"நீங்க யாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி லேப்ல இருந்து வர்றோம்."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் வாரீகளா?"

"ஆமா" என்றேன்.